கவளமும் காலடியும்: நிதிநிலை உரையில் புறநானூற்றின் 184ஆம் பாட்டு

நடுவண் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் முதல் நிதிநிலை அறிக்கையை 2019 சூலை 5ஆம் நாள் மக்களவையில் முன்வைத்தபோது, வரி பற்றிய பகுதியில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை எடுத்துக்காட்டினார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அப்புலவர் கூறிய அறிவுரை அது என்பதைச் சுட்டியபின், சிறு நிலத்தில் விளைந்த நெல்லே யானைக்குப் போதும் என்றும், யானை தானே வயலுக்குள் புகுந்தால் அது உண்பதைக் காட்டிலும் மிதித்தழிப்பதே மிகுதி என்றும் அவைக்கு விளக்கினார். தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் துறைகளில் அந்த வாரம் ஒருவகைப் பெருமிதம் நிலவியது. பிறமொழித் துறையினர் பாட்டின் பொருளைக் கேட்டறிந்தனர். மிதமான வரியைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வற்புறுத்தினர் என்னும் விளக்கமே எங்கும் பரவியது.

அவ்விளக்கம் பிழையன்று, ஆனால் பாட்டுக்குப் போதாது. சங்ககால வரிவிதிப்பைப் பற்றி எழுதுவோர் 184ஆம் பாட்டை வரியின் அளவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் காட்டி வந்துள்ளனர். தேர்வு வினாத்தாள்களிலும் உவமை நயத்தோடு இப்பாட்டின் பயன் முடிந்துவிடுகிறது. பாட்டைச் சொல் சொல்லாக நோக்கின், வரி எவ்வளவு என்னும் வினாவைவிட, வரியை வாங்கும் அரசுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரிகிறதா என்னும் வினாவே அதன் உயிர்நிலை என்பது விளங்கும். அரசின் திறமையின்மையையும் நெறிகெட்ட பொருளியல் முடிவுகளையும் அளப்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய அளவுகோல்களுள் ஒன்று இப்பாட்டு. அந்த அளவுகோல் அரசின் கைக்கே போய் அணிகலனாகும்போது அதைத் திரும்பப் பெறுவது திறனாய்வாளரின் கடமையாகிறது.

உவமையின் கணக்கு

பாட்டின் முற்பகுதி ஒரு கணக்கு. முதிர்ந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், ஒரு மா அளவுக்கும் குறைந்த நிலத்தின் விளைச்சல் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயல் இருந்தாலும் யானை தனியே புகுந்து உண்ணத் தொடங்கினால் வாய்க்குள் செல்வதைவிடக் காலடியில் அழிவது பெரிது. பிற்காலத் தஞ்சை வழக்கில் 20 மா ஒரு வேலி; ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். சங்ககால மா இதே அளவினதா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. எனினும் மாவுக்கும் குறைந்த நிலத்தையும் நூறு செய்யையும் எதிரெதிரே நிறுத்தும் புலவர் நில அளவை அறிந்தவர். உவமையை எண்ணோடு சொல்பவர்.

இக்கணக்கில் மாறாத ஒன்று யானையின் பசி. முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் அதே யானை, அதே வயிறு. யானைக்குக் குறைவாக ஊட்ட வேண்டும் என்று புலவர் கூறவில்லை. யானையே வேண்டா என்றும் கூறவில்லை. அரசுக்குப் பொருள் தேவை என்பது பாட்டின் ஒப்புதல். ஆகவே இப்பாட்டை வரிக்குறைப்புக்குச் சான்றாகக் கொள்வோர் பாட்டில் இல்லாத ஒன்றை அதில் ஏற்றுகின்றனர்.

மாறுவது இடையில் நிகழும் உழைப்பு. அறுத்தல் வேண்டும், அடித்துக் குற்றிச் சமைத்தல் வேண்டும், உருட்டிக் கவளமாக்கி வாயருகே கொண்டு சேர்த்தல் வேண்டும். பாகன் என்னும் சொல் பாட்டில் இல்லை. ஆனால் கவளம் என்று சொன்ன அளவிலேயே பாகன் வந்துவிடுகிறான். நிருவாகம் என்று இன்று நாம் வழங்குவது இந்த இடைப்பட்ட உழைப்பையே. இரண்டாம் நிலையில் யானை 'தமித்து'ப் புகுகிறது. தனியே என்பது அதன் பொருள். மந்தையின்றி என்று இதற்குப் பொருள் கொண்டால் உவமை தளர்ந்துவிடும். பல யானைகள் புகுந்தால் அழிவு இன்னும் பெரிதன்றோ? பாகனின்றி, கட்டுப்படுத்துவார் இன்றி என்று கொள்ளும்போதுதான் கவளத்திற்கும் காலடிக்கும் உள்ள எதிர்நிலை முழுமை பெறுகிறது.

பிற்பகுதி அரசரை இருவகைப்படுத்துகிறது. அறிவுடைய வேந்தன் நெறியறிந்து கொண்டால் அவனுக்கும் கோடிக்கணக்கில் பொருள் சேர்கிறது, நாடும் தழைக்கிறது. வேந்தன் 'மெல்லிய'னாகி, 'வரிசை' அறியாத ஆரவாரச் சுற்றத்தோடு சேர்ந்து, அன்பு கெடுமாறு வரியை விரும்பினால், தானும் உண்ணான், உலகமும் கெடும். மெல்லியன் என்பதற்கு அறிவால் மெலிந்தவன் என்று பொருள் கொள்வது இவ்விடத்திற்குப் பொருந்தும். இவ்வேந்தனைக் கொடியவன் என்றோ பேராசைக்காரன் என்றோ புலவர் இழித்துரைக்கவில்லை. கொடுங்கோன்மையைப் பழிக்கும் பாட்டுகளும் குறட்பாக்களும் தமிழில் பல. தீய எண்ணம் இல்லாத, ஆனால் செயலறியாத அரசைப் பழிப்பவை மிகச் சில. அந்த அரிய வகையைச் சேர்ந்தது இது. இழப்பு இருபுறத்தும் நிகழ்கிறது என்று புலவர் சேர்த்துச் சொல்வதும் அதனால்தான். கொடுங்கோலன் மக்களைக் கெடுத்துத் தான் வாழ்வான். திறமையற்றவன் தனக்கும் பயனின்றிக் கெடுப்பான்.

வரிசை என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. 121ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், எல்லார்க்கும் ஒருபடித்தாகக் கொடுத்தல் எளிது, அவரவர் தகுதி அறிதலே அரிது என்று இடித்துரைப்பதற்கும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார். ஆகவே வரிசையறிதல் என்பது வேறுபாடறிதல். இவர்க்கு இது, அவர்க்கு அது என்று பிரித்தறியும் திறன். அத்திறன் இல்லாதவர் வள்ளலைச் சூழ்ந்தால் பரிசில் பாழாகும். அரசனைச் சூழ்ந்தால் நாடு பாழாகும்.

ஓர் ஐயம் எழலாம். உவமையில் யானை தனித்தது; பொருளில் வேந்தனைச் சுற்றிப் பெருங்கூட்டம் இருக்கிறதே, உவமை முரண்படுகிறதே என்பது அது. முரண்பாடு இல்லை. ஆரவாரிக்கும் சுற்றம் அரசனுக்குத் துணையாகாது. 'கல்'லென ஒலிப்பதன்றி வேறொன்றும் அதனால் இயலாது; அதன் நடுவில் இருக்கும் வேந்தன் பாகனில்லாத யானையே.

2016 நவம்பர் 8

இப்பாட்டின் அளவுகோலை நம் காலத்தின் பொருளியல் முடிவு ஒன்றன்மேல் வைத்துப் பார்க்க வேண்டுமாயின், பணமதிப்பு நீக்கத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 8 மணிக்குத் தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் உரையாற்றினார். 500, 1000 ரூபாய்த் தாள்கள் அந்நள்ளிரவு முதல் செல்லாதனவாயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. கறுப்புப் பணம், கள்ளத்தாள், பயங்கரவாதிகளுக்குச் செல்லும் நிதி ஆகியன ஒழியும் என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். மின்னணுப் பரிமாற்றம் பெருகும் என்னும் நோக்கம் பின்னர் முன்னிலை பெற்றது.

முதலில் வாய்க்குள் சென்றதைக் கணக்கிடுவோம். மதிப்பு நீக்கப்பட்ட தாள்கள் ஏறத்தாழ 15.41 இலட்சம் கோடி ரூபாய். அவற்றுள் 15.31 இலட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஆகத்தில் வெளியிட்ட ஆண்டறிக்கை கூறுகிறது. அஃதாவது 99.3 விழுக்காடு. திரும்பாதது 10,720 கோடி. கறுப்புப் பணம் வைத்திருந்தோர் அதை வங்கிக்குக் கொணர அஞ்சுவர், அதனால் பெருந்தொகை அழிந்துபோகும் என்னும் எதிர்பார்ப்பு இவ்வெண்ணோடு முடிந்தது. தாள் அச்சிடும் செலவு 2015-16இல் 3,421 கோடியாக இருந்தது. 2016-17இல் 7,965 கோடியாயிற்று. ரிசர்வ் வங்கி அரசுக்கு வழங்கும் உபரித் தொகை 65,876 கோடியிலிருந்து 30,659 கோடியாகக் குறைந்தது. யானை தானும் உண்ணவில்லை என்பதற்கு அரசின் ஏடுகளே சான்று.

காலடிக் கணக்கு எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் வாங்கி உண்போர், வாரச் சந்தையில் விற்போர், மீன் ஏலத்தில் நிற்போர், தேயிலைத் தோட்டத்தில் பணமாகக் கூலி பெறுவோர் ஆகியோர் இழந்த நாள்களுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அமைப்புசாராத் துறையின் உற்பத்தியை நம் நாட்டின் கணக்கீட்டு முறை பெரிதும் அமைப்புசார்ந்த துறையின் போக்கைக் கொண்டே ஊகித்து அறிவதால், அங்கு நேர்ந்த சேதம் தேசிய வருமானப் புள்ளிகளிலும் நேரடியாகத் தென்படவில்லை. வாயில் சென்றதை எண்ணலாம், காலில் மடிந்ததை எண்ணுவோர் இலர் என்பது பிசிராந்தையார் கணக்கின் உட்குறிப்பு. அரசின் ஏடு வாயின் ஏடு மட்டுமே. ஒரு கொள்கையின் ஆதரவாளர்கள் புள்ளிவிவரம் காட்டி வெல்வதும், பாதிக்கப்பட்டோர் கதை சொல்லித் தோற்பதும் பெரும்பாலும் இதனால்தான் நிகழ்கின்றன.

திறமையின்மை என்று இக்கட்டுரை சொல்வது வசைச்சொல்லாக அன்று. அதற்குத் தனித்தனி நிகழ்ச்சிகள் உள்ளன. புதிய தாள்களின் அளவு பழையவற்றினின்றும் வேறுபட்டதால், நாட்டில் இருந்த இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட ஏ.டி.எம். இயந்திரங்கள் ஒவ்வொன்றையும் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. தாள்களை வடிவமைத்தபோதே அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. மாற்றிக்கொள்ளும் வரம்பு முதலில் 4,000 ரூபாய். நவம்பர் 14 முதல் 4,500. நவம்பர் 18 முதல் 2,000. நவம்பர் 24 நள்ளிரவோடு மாற்றுவதே நின்றது. நவம்பர் 14 அன்று மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய தாள்களை வாங்கக் கூடாது என்று ஆணை வந்தது. உழவர்க்கு அணுக்கமான வங்கி அது. காலமோ இராபிப் பருவத்து விதைப்புக் காலம். அரசு விற்பனை நிலையங்களில் பழைய 500 ரூபாய் கொடுத்து விதை வாங்கலாம் என்னும் இசைவு நவம்பர் 21 அன்றுதான் வழங்கப்பட்டது. திசம்பர் 19 அன்று 5,000 ரூபாய்க்கு மேல் செலுத்துவோர் காலத்தாழ்வுக்கு விளக்கம் தரவேண்டும் என்றனர். இரண்டே நாளில் அவ்விதியைத் திரும்பப் பெற்றனர்.

இவற்றைப் பொறுமையின்றிப் படிக்கும் ஒருவர், பெரிய செயலில் சிறு தவறுகள் நேர்வது இயல்பு என்பார். பாட்டு அதற்கு இடந்தரவில்லை. கவளமாக்கும் வேலை முழுவதும் இத்தகைய சிறு செயல்களால் ஆனது. விதைப்புக் காலம் எப்போது என்று அறிவது வரிசையறிதல். பதுக்கியவனையும் பத்து நாள் கூலியை மடியில் முடிந்துவைத்திருந்தவளையும் ஒரே விதியால் நடத்துவது வரிசையறியாமை. தமிழில் அச்சொல் பின்னாளில் மக்கள் ஒருவர்பின் ஒருவராக நிற்பதையும் குறித்தது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் வங்கி வாசல்களில் நின்றது அந்த வரிசை.

'தமித்து' என்னும் சொல்லுக்கும் இங்கு விளக்கம் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26(2) பிரிவின்படி, தாள்களின் செல்லுபடியை நீக்கும் பரிந்துரை அவ்வங்கியின் மைய வாரியத்திடமிருந்து வரவேண்டும். அரசு அதன்மேல் செயற்படும். நடந்ததோ நவம்பர் 7 அன்று அரசு கடிதம் எழுதியது, நவம்பர் 8 மாலை வாரியம் கூடியது, இரவு 8 மணிக்கு அறிவிப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பின்னர் வெளிவந்த அக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, பொன்னாகவும் நிலபுலமாகவும் உள்ளது என்னும் கருத்து பதிவாகியுள்ளது. கருத்தைப் பதிந்த வாரியமே இசைவும் தந்தது. பாகன் பேசினான்; அங்குசத்தை எடுக்கவில்லை.

மறுதரப்பின் வாதங்களையும் எடைபோட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 சனவரி 2 அன்று நால்வர் பெரும்பான்மையால் இந்நடவடிக்கையின் முறைமையை ஏற்றது. ஆனால் நோக்கம் நிறைவேறியதா என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் ஆய்வுப்பொருளாக இல்லை. நீதிபதி பி.வி. நாகரத்தினா தம் மாற்றுத் தீர்ப்பில், நன்னோக்கத்தை ஐயுறாமலே, இது சட்டமியற்றிச் செய்திருக்க வேண்டிய செயல் என்றும், வங்கி தானே சிந்தித்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை என்றும், அனைத்தும் 24 மணி நேரத்தில் நடந்தேறியது என்றும் கூறினார். நன்னோக்கமும் செயலறியாமையும் ஓரிடத்தில் இருக்கக்கூடும் என்பதை ஏற்கும் அத்தீர்ப்பு மெல்லியன் என்னும் சொல்லுக்கு மிக அணுக்கமானது. மின்னணுப் பரிமாற்றம் பெருகியது உண்மையே. அதற்கான யு.பி.ஐ. அமைப்பு 2016 ஏப்பிரலில், மதிப்பு நீக்கத்திற்கு முன்னரே தொடங்கப்பட்டிருந்தது. ரொக்கமோ குறையவில்லை. 2016 நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 17.7 இலட்சம் கோடியாக இருந்த புழக்கத்திலுள்ள தாள்களின் மதிப்பு, 2023 மார்ச்சில் 33.5 இலட்சம் கோடியை எட்டியது. பெருமதிப்புத் தாளை ஒழிப்பதாகச் சொல்லி அதைவிடப் பெருமதிப்புள்ள 2,000 ரூபாய்த் தாளை அச்சிட்டனர். அதையும் புழக்கத்திலிருந்து விலக்குவதாக ரிசர்வ் வங்கி 2023 மே 19 அன்று அறிவித்தது.

1946இலும் 1978இலும் இந்தியாவில் இதேபோன்ற நடவடிக்கைகள் எடுக்கப்பட்டன. அப்போது நீக்கப்பட்டவை எளியோர் கையில் அரிதாகவே காணப்பட்ட பெருந்தாள்கள். நூறு செய்யில் புகுந்த யானைக்கும் வரப்பின் ஓரத்தில் நடந்த யானைக்கும் உள்ள வேறுபாடு அது.

ஓதியவர் யார்?

மீண்டும் 2019ஆம் ஆண்டு உரைக்கு வருவோம். பாட்டு முழங்கிய அதே உரையில் பெட்ரோல், டீசல் ஒவ்வொன்றுக்கும் இலிட்டருக்கு ஒரு ரூபாய் சிறப்புக் கூடுதல் ஆயத்தீர்வையும் ஒரு ரூபாய் சாலை, உட்கட்டமைப்பு மேல்வரியும் கூட்டப்பட்டன. ஆண்டுக்கு 2 கோடிக்கு மேல் வருவாயுள்ளோர்மீது கூடுதல் தீர்வை உயர்த்தப்பட்டது. பங்குச் சந்தை சரிந்தது. அயல்நாட்டுப் பங்கு முதலீட்டாளர்க்கு அவ்வுயர்வு ஆகத்து 23 அன்று நீக்கப்பட்டது. செப்டம்பர் 20 அன்று நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக அவசரச் சட்டத்தால் குறைக்கப்பட்டது, ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. நிதிநிலை அறிக்கை படித்த பதினொரு வாரத்திற்குள் அதன் வரவுப் பக்கம் வேறொன்றாயிற்று. இம்மாற்றங்களுள் எது நல்லது என்பதில் பொருளியலார் வேறுபடலாம். நெறியறிந்து கொள்வது என்று பாட்டு சொல்வது, என்ன கொள்ளப்போகிறோம் என்பதை முன்னரே அறிந்திருப்பதையும் உள்ளடக்கும். அந்த ஆண்டில் நாட்டின் வளர்ச்சி ஏறத்தாழ 4 விழுக்காடாகத் தாழ்ந்தது.

இலக்கிய ஆய்வாளரை இதனினும் உறுத்துவது வேறொன்று. 184ஆம் பாட்டின் துறை செவியறிவுறூஉ. பெரியோர் நடுவே பொங்குதலின்றி அடங்கியிருப்பது கடமை எனச் செவியில் சேர்ப்பது என்று தொல்காப்பியச் செய்யுளியல் செவியுறைக்கு இலக்கணம் வகுக்கும். சொல்பவர் புலவர், கேட்பவர் வேந்தர் என்பது இத்துறையின் அடிப்படை. கேட்க வேண்டியவரே ஓதுபவராக மாறும்போது துறை கெடுகிறது. செவி அவையினரிடத்தும், வாய் அரசிடத்தும் போய்விடுகின்றன. அதன்பின் யானை யார் என்னும் வினா மறைந்து, அரசு தன்னைப் பாகனாகவும் முந்தைய அரசுகளையோ அதிகாரிகளையோ யானையாகவும் காட்டிக்கொள்ள வழி பிறக்கிறது. உவமை மட்டும் விளக்கம் பெற்று, மெல்லியனும் ஆரவாரச் சுற்றமும் வரும் பிற்பகுதி விளக்கம் பெறாமற் போனது இதனால்தான் வியப்பளிக்கவில்லை.

இப்போக்கு ஒரு கட்சிக்கோ ஓர் அமைச்சருக்கோ உரியதன்று. ப. சிதம்பரம் தம் நிதிநிலை உரைகளில் திருக்குறளைப் பலமுறை ஓதினார். நிர்மலா சீதாராமன் 2021இல் 385ஆம் குறளை எடுத்தாண்டார். பொருளை இயற்றுதலை முதலிலும் ஈட்டுதலை அதன்பின்னும் வைத்த வள்ளுவரின் வைப்புமுறை, வருவாய்க்கு முன் வருவாய் வழியை அமைக்க வேண்டும் என்று அரசைத்தான் கடிகிறது. அவ்வாறு ஓதப்படும்போது தமிழாசிரியர்கள் பாராட்டுக் கட்டுரை எழுதி நிறைவடைவது இத்துறையின் ஒரு வழக்கமாகிவிட்டது. நம் இலக்கியம் அவையேறியதற்கு மகிழலாம். அவையேறியது பாட்டா, பாட்டின் தோலா என்று பார்க்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

வரிசையறியாமைக்குச் சிறியதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2017 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி 5, 12, 18, 28 விழுக்காடு என்னும் படிநிலைகளோடு வந்தது. ரொட்டிக்கு 5 விழுக்காடு; பரோட்டா ரொட்டியாகாது, அதற்கு 18 விழுக்காடு என்று கருநாடக மாநில முன்தீர்ப்பு ஆணையம் 2020இல் கூறியது. சொற்பொருள் ஆராய்ச்சி நம் துறைக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருந்தோர்க்கு அது ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் வரி இல்லை. படிநிலைகளும் பெரும்பாலும் 5, 18 என இரண்டாகச் சுருங்கின. எட்டாண்டுகள் மிதித்தபின் வயலின் நடுவே வரப்பு வெட்டியது போன்றது அது.

வெள்ளைக்குடி நாகனாரின் பாட்டு

184ஐத் தனியே கற்பிப்பதால் அதன் கூர்மை மழுங்குகிறது என்பது என் கருத்து. அதனோடு 35ஆம் பாட்டைச் சேர்த்துக் கற்பித்தல் நன்று. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடியது, அதுவும் செவியறிவுறூஉ. வெண்கொற்றக்குடை வெயிலை மறைப்பதற்காக உயர்த்தப்பட்டதன்று, குடிகளுக்கு நிழல் தருவதற்காக உயர்த்தப்பட்டது என்பார் புலவர். படையின் வெற்றி கூட உழுபடையின் விளைவே என்பார். அதன்பின் வருவது கடுமையான பகுதி: மழை பொய்த்தாலும், விளைச்சல் குன்றினாலும், இயற்கைக்கு மாறானது நிகழ்ந்தாலும் உலகம் வேந்தரைத்தான் பழிக்கும். அதை நன்கறிந்தாயாயின், அயலாரின் பொறுப்பற்ற பொதுச்சொற்களை ஏற்காமல், ஏர்மாடு காப்போரின் சுமையைத் தாங்கு என்கிறார்.

மழை பொய்த்ததற்கு வேந்தன் எவ்வாறு பொறுப்பாவான் என்று பகுத்தறிவோடு கேட்கலாம். ஆட்சியின் அறம் மழையைத் தரும் என்னும் பழைய நம்பிக்கை இதன் பின்னே உள்ளது என்று கூறி நகர்ந்துவிடுவாரும் உளர். ஆனால் புலவர் மழை ஏன் பொய்த்தது என்று பேசவில்லை. பொய்த்தபின் உலகம் யாரைக் கேட்கும் என்றுதான் பேசுகிறார். இயற்கையின்மேல் பழி போடும் உரிமை அரசனுக்கு இல்லை என்பது அதன் பொருள்.

2020 ஆகத்து 27 அன்று சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 41ஆம் கூட்டம் முடிந்தபின், கோவிட் பெருந்தொற்று கடவுளின் செயல் என்று நிதியமைச்சர் கூறினார். பேச்சின் களம் மாநிலங்களுக்குத் தரவேண்டிய இழப்பீடு. 2017ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், 2015-16 வருவாயை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி என்று கணக்கிட்டு, குறையும் தொகையை ஐந்தாண்டுகள் ஈடுசெய்வதாக உறுதியளித்திருந்தது. அவ்வாண்டின் பற்றாக்குறை 2.35 இலட்சம் கோடி என்றும், அதில் 97,000 கோடியே வரி நடைமுறையால் நேர்ந்தது, எஞ்சியது பெருந்தொற்றால் நேர்ந்தது என்றும் பிரித்துக் காட்டி, மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றனர். மாநிலங்கள் எதிர்த்தன. அக்டோபரில் நடுவண் அரசே 1.1 இலட்சம் கோடி வரை கடன் பெற்று மாநிலங்களுக்கு வழங்க இசைந்தது. நாகனாரின் பாட்டைக் கடவுளின் செயல் என்னும் தொடரோடு ஒருசேர வைத்துப் படித்தால், பழம்பாட்டுக்கு உரை எழுத வேண்டிய தேவையே எழாது. அப்பாட்டை எந்த நிதியமைச்சரும் நாடாளுமன்றத்தில் எடுத்தோதியதாகத் தெரியவில்லை. ஓதுவதற்கு வசதியான பாட்டன்று அது.

பிசிராந்தையார் அரசை வெறுத்தவரல்லர் என்பதையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும். தமக்கு நரை தோன்றாமைக்குரிய காரணங்களை அடுக்கும் 191ஆம் பாட்டில், தம் வேந்தன் அல்லவை செய்யாது காக்கிறான் என்பதும் ஒரு காரணம். கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து உயிர்விட்டவர் அவர். அத்தகையவர் அறிவுடை என்னும் அடைமொழி பெற்ற பாண்டியனிடம் அறிவால் மெலிந்த வேந்தனின் கதையைச் சொல்கிறார். அந்நம்பியும் ஒரு புலவன். குறுகுறு நடந்து வரும் குழந்தை நெய்ச்சோற்றைத் துழாவி மேனியெங்கும் பூசிக்கொள்ளும் காட்சியை 188ஆம் பாட்டில் வைத்தவன் அவன். சிந்திய சோற்றில் இன்பம் கண்டவனிடம் மிதிபட்ட நெல்லைப் பற்றிப் பேசினார் பிசிராந்தையார். தொகுத்தோர் இவ்விரு பாட்டையும் நான்கு எண் இடைவெளியில் வைத்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

35ஆம் பாட்டின் கொளு, நாகனார் அப்பாட்டைப் பாடிப் பழைய நிலத்தின்மேல் இருந்த வரிக்கடனை நீக்கிப் பெற்றார் என்று தெளிவாகப் பதிகிறது. 184இன் கொளுவோ பிசிராந்தையார் பாண்டியனிடம் சென்று பாடினார் என்பதோடு நின்றுவிடுகிறது.